கோணல் மனையில் அஸ்திவாரக் காங்கிரீட் எவ்வளவு? குழி மூடுறதுக்கு முன்னாடி அளந்துடுங்க

ஒரே வீட்டு அஸ்திவாரத்துக்கு மூணு கணக்கு வரலாம். கான்ட்ராக்டர் பில்லுல 247 கன அடி. வீட்டுக்காரர் பிளானைக் கையில வச்சுக்கிட்டு கால்குலேட்டர்ல போட்டா 211 கன அடி. குழிக்குள்ள உண்மையிலேயே இறங்கின காங்கிரீட் 238 கன அடி. இதுல யாரும் திருடல, யாரும் பொய் சொல்லல. ஆனா 247-க்கும் 211-க்கும் நடுவுல இருக்கிற 36 கன அடிக்காக ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமப் போயிடுவாங்க. வீடு இன்னும் தரைக்கு மேல வந்திருக்காது.

நான் ஆடிட்டர், இன்ஜினியர் இல்ல. குழி எவ்வளவு ஆழம், என்ன கலவை, கம்பி வேணுமா வேண்டாமா, இதெல்லாம் உங்க இன்ஜினியர் முடிவு. நான் பேசப்போறது அளவும் அதுக்கான பணமும் மட்டும். எங்க தொழில்ல வருஷக் கடைசியில கடைக்குப் போய் சரக்கை நேர்ல எண்ணுவோம். ஏப்ரல் மாசம் வித்துட்டுப் போன சரக்கை ஜூன்ல போய் எண்ண முடியாது. அஸ்திவாரக் காங்கிரீட்டும் அதே மாதிரிதான். மேல கருங்கல் கட்டு ஏறி, மண் தள்ளி மூடிட்டா, அப்புறம் அளக்க வழியே இல்ல. பொதுப்பணித்துறை வேலைகள்ல 'எம் புக்'னு சொல்ற அளவுப் புத்தகம் இருக்கு. மூடப்படப்போற வேலையை மூடுறதுக்கு முன்னாடியே அளந்து அதுல பதியணும்னு வச்சிருக்காங்க. கோடிக்கணக்குல செலவு பண்ற அரசாங்கமே அப்படி வச்சிருக்கும்போது, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒரே ஒரு வீடு கட்டுற நாம ஒரு நாற்பது பக்க நோட்டு கூட வச்சுக்கிறதில்ல.

நம்ம பக்கத்துல மனை ஏன் கோணலா வருது

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் சுத்துவட்டாரத்துல புதுசா பிளாட் போட்ட இடங்களைப் பாருங்க. நிறைய இடம் ஒரு காலத்துல வயல். தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு, அதுல இருந்து பிரியுற கால்வாய்கள். பழவூர் அணைக்கட்டுல இருந்து வர்ற பாளையங்கால்வாய், சுத்தமல்லியில இருந்து வர்ற நெல்லைக் கால்வாய் எல்லாம் மண்ணோட சரிவைப் பார்த்து வளைஞ்சு வளைஞ்சு போகும். கால்வாய் வளைஞ்சா வயல் வரப்பும் வளையும். வரப்பு வளைஞ்சா அதை வெட்டிப் போட்ட மனையும் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுத்தான் நிக்கும்.

இன்னொண்ணு, கீழ இருக்கிற மண்ணும் ஒரே மாதிரி இருக்காது. பழைய வாய்க்காலைத் தூர்த்த இடம், களிமண் தேங்கின இடம், வரப்பு இருந்த கெட்டி இடம் எல்லாம் ஒரே மனைக்குள்ள வரும். ஜேசிபி ஒரு இடத்துல நாலு அடியில கெட்டி மண்ணைத் தொடும், பத்தடி தள்ளி இன்னும் அரை அடி கீழே போகணும்னு இன்ஜினியர் சொல்வார். கார் சாகுபடிக்கோ பிசானத்துக்கோ கால்வாய்ல தண்ணி ஓடுற நாள்ல குழி தோண்டினா ஊற்று எடுத்து அடிமண் சேறாகும். சேற்றை வழிச்சு எடுத்தா பள்ளம் கூடும். அந்தப் பள்ளமும் காங்கிரீட் குடிக்கும்.

ஆக நம்ம ஊர் மனையில கோணல் ரெண்டு வகை. மேல இருந்து பார்த்தா தெரியுற கோணல், குழிக்குள்ள இறங்கினாத்தான் தெரியுற கோணல். முதலாவதை அளக்கத் தெரியாம போனா நீங்க அதிகமா கொடுப்பீங்க. ரெண்டாவதை அளக்காம விட்டா கான்ட்ராக்டருக்குக் குறைச்சுக் கொடுப்பீங்க.

உதாரண வீடு

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்குவோம். தெற்கே ரோடு, வடக்கே பின்னாடி கால்வாய். சுவர் மையத்துல இருந்து மையத்துக்கு அளந்தா முன்சுவர் 24 அடி, கிழக்குச் சுவர் 32 அடி, மேற்குச் சுவர் 25 அடி. கால்வாயை ஒட்டின பின்சுவர் சாய்வா போகுது, அது 25 அடி. வடகிழக்கு மூலை இழுத்திருக்கு. வாஸ்து பார்க்கிறவர் சந்தோஷப்படுவார், டேப் பிடிக்கிறவருக்குத்தான் சிரமம்.

உள்ளே ரெண்டு சுவர். முன்சுவர்ல இருந்து 12 அடி தள்ளி, கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவுல ஒரு குறுக்குச் சுவர். அதோட நடுப்புள்ளியில இருந்து பின்சுவர் வரைக்கும் இன்னொரு நடுச்சுவர். எல்லாச் சுவருக்கும் கீழே 3 அடி அகலத்துக்கு வானம் (அஸ்திவாரக் குழி), அதுல 6 இன்ச் கனத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி போட்டு 1:4:8 காங்கிரீட், அதுக்கு மேல கருங்கல் கட்டு. இப்போ பெரும்பாலும் பில்லர் வீடுதான் கட்டுறோம், உண்மை. ஆனா ஒரு மாடிக்கான சுமைச்சுவர் வீடு, காம்பவுண்ட் சுவர், மாட்டுக்கொட்டகை, கடை வரிசைன்னு நீளவாக்கு அஸ்திவாரம் போடுற வேலை இன்னும் நிறைய இருக்கு. காம்பவுண்ட் சுவர் கோணல் மனையில எப்பவுமே கோணல்தான்.

நீளம்: ரெண்டு ஓரத்தையும் அளந்து பாதியாக்குங்க

247 எப்படி வந்துச்சுன்னு முதல்ல பார்ப்போம். மேஸ்திரி டேப்பை ஒவ்வொரு குழிக்கும் வெளி ஓரத்துல வச்சு, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரை பிடிச்சிருக்கார். முன்சுவர் 27 அடி, கிழக்கு 35 அடி 6 இன்ச், பின்சுவர் 28 அடி ஒன்றரை இன்ச், மேற்கு 27 அடி ஏழரை இன்ச். உள் சுவர் ரெண்டையும் வெளிச்சுவர் குழியைத் தாண்டி வெளி ஓரம் வரைக்கும் இழுத்து, 27 அடியும் சுமார் 19 அடி 7 இன்ச்சும் போட்டிருக்கார். மொத்தம் 164.81 அடி. இதை 3 அடி அகலம், அரை அடி கனத்தால பெருக்குங்க, 247 கன அடி.

ஒவ்வொரு அளவும் தனித்தனியா சரிதான். டேப் பொய் சொல்லல. ஆனா முன்சுவரும் கிழக்குச் சுவரும் சேர்ற மூலையில இருக்கிற அந்தச் சதுரம் முன்சுவர் கணக்குலயும் வருது, கிழக்குச் சுவர் கணக்குலயும் வருது. காங்கிரீட் ஒரு தடவைதான் போடுறோம். பில்லு ரெண்டு தடவை போடுது. இதேபோல நாலு மூலை, உள் சுவர்கள் முட்டுற நாலு சந்திப்பு.

நேர்மூலையா இருந்தா 'ஒரு மூலைக்கு ஒரு அகலம் கழி'ன்னு சொல்லி முடிச்சிடலாம். சைட்டுல அப்படித்தான் வழக்கம். கோணல் மூலைக்கு அது பொருந்தாது. நம்ம வீட்டுல வடகிழக்கு மூலை கூரா இருக்கு, அங்கே குழியோட வெளி ஓரம் மையத்தைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 2 அடி நீளுது. வடமேற்கு மூலை விரிஞ்சிருக்கு, அங்கே 1 அடி ஒன்றரை இன்ச்தான் நீளுது. நேர்மூலையில இது ஒன்றரை அடி. ஒவ்வொரு மூலைக்கும் கோணம் அளந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க சைட்டுல யாருக்கும் பொறுமை இருக்காது.

அதனால கோணமே தேவையில்லாத வழி. ஒவ்வொரு குழிக்கும் வெளி ஓரத்தை ஒரு தடவை, உள் ஓரத்தை ஒரு தடவை அளங்க. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குங்க.

முன்சுவர்: வெளி 27 அடி, உள் 21 அடி. பாதி 24.
கிழக்கு: வெளி 35 அடி 6 இன்ச், உள் 28 அடி 6 இன்ச். பாதி 32.
பின்சுவர்: வெளி 28 அடி 1½ இன்ச், உள் 21 அடி 10½ இன்ச். பாதி 25.
மேற்கு: வெளி 27 அடி 7½ இன்ச், உள் 22 அடி 4½ இன்ச். பாதி 25.

மொத்தம் 106 அடி. சுவர் மையக்கோட்டு நீளமும் அதேதான், பாருங்க. வெளி ஓர அளவு மூலையை ரெண்டு தடவை எண்ணுது, உள் ஓர அளவு மூலையை எண்ணவே இல்ல. ரெண்டோட சராசரி சரியா ஒரு தடவை எண்ணுது. மூலை கூரா இருந்தாலும் விரிஞ்சிருந்தாலும் இது மாறாது. வட்டமா வளையுற காம்பவுண்ட் சுவருக்கும் இதே விதிதான், டேப்புக்குப் பதிலா கயிறைப் பதிச்சு அளந்துக்கோங்க. ஒரே ஒரு நிபந்தனை, சுத்திலும் குழி அகலம் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் இரண்டரை அடின்னா மூலையில கொஞ்சம் வித்தியாசம் வரும், அந்த மூலையை மட்டும் தனியா அளந்துக்கலாம்.

உள் சுவருக்கு இன்னும் சுலபம். வெளிச்சுவர் குழி எங்கே முடியுதோ அங்கே இருந்துதான் டேப் பிடிக்கணும். குறுக்குச் சுவர் ஒரு குழியோட ஓரத்துல இருந்து எதிர்க் குழியோட ஓரம் வரை 21 அடி. நடுச்சுவர் சாய்வான பின்சுவர்ல முட்டுறதால அதோட ரெண்டு ஓரமும் வேற வேற நீளம். மேற்கு ஓரம் 13 அடி, கிழக்கு ஓரம் 13 அடி 10½ இன்ச். பாதி 13 அடி 5¼ இன்ச், அதாவது 13.44 அடி.

106 + 21 + 13.44 = 140.44 அடி. அகலம் 3 அடியால பெருக்கினா 421.3 சதுர அடி. அரை அடி கனத்துக்கு 210.7 கன அடி. வீட்டுக்காரரோட 211 இதுதான்.

வெளி ஓரமா மட்டும் அளந்த 164.81 அடிக்கும் இதுக்கும் வித்தியாசம் 24 அடிக்கு மேல, கிட்டத்தட்ட 17 சதவீதம். இந்த இடத்துல நிறையப் பேர் 'பார்த்தீங்களா, ஏமாத்துறான்'னு கிளம்பிடுவாங்க. கொஞ்சம் பொறுங்க, அண்ணாச்சி. குழிக்குள்ள இன்னும் இறங்கல.

கனம்: நூல் கட்டி அஞ்சடிக்கு ஒரு தடவை

பிளான்ல 6 இன்ச்னு போட்டிருக்கு. பிளான்ல குழியோட அடி கண்ணாடி மாதிரி இருக்கும். நிஜத்துல ஜேசிபி பல்லு போட்ட வரி, சேறு வழிச்ச பள்ளம், பழைய வாய்க்கால் தடம் எல்லாம் இருக்கும். காங்கிரீட்டோட மேல்மட்டம் சமமா நிக்கணும், அதனால அடிப்பள்ளம் எவ்வளவோ அவ்வளவு கனம் கூடும்.

காங்கிரீட் போடுற அன்னிக்குக் காலையில, டியூப் லெவல் வச்சு மேல்மட்டத்துக்கு முளைக்குச்சி அடிச்சு நூல் கட்டுவாங்க. அந்த நூல்ல இருந்து அடிமண் வரைக்கும் அஞ்சடிக்கு ஒரு தடவை டேப்பை இறக்குங்க. நம்ம பின்சுவர்ல, கால்வாய்ப் பக்கம், ஆறு இடத்துல அளவு இப்படி வருதுன்னு வச்சுக்குவோம்: 6, 7, 9, 10, 8, 6 இன்ச்.

இதைக் கூட்டி ஆறால வகுத்தா 7.67 வரும். அது சரியில்ல. ரெண்டு கடைசி அளவும் பாதித் துண்டுக்குத்தான் பொறுப்பு, நடுவுல இருக்கிற நாலும் முழுத் துண்டுக்குப் பொறுப்பு. அதனால கடைசி ரெண்டையும் பாதியாக்கிட்டு, மொத்தத்தை ஆறுக்குப் பதிலா அஞ்சால வகுக்கணும். ஆறு இடத்துல அளந்தா நடுவுல அஞ்சு துண்டுதானே. 3 + 7 + 9 + 10 + 8 + 3 = 40. அஞ்சால வகுத்தா 8 இன்ச். பின்சுவர் மட்டும் 25 × 3 × 8/12 = 50 கன அடி. பிளான்படி 37.5-தான் வந்திருக்கணும்.

மற்ற சுவர்கள் எல்லாம் இதேபோல அளந்து சராசரி ஆறரை இன்ச்னு வருதுன்னு எடுத்துக்குவோம். நீளம் 115.44 அடி, அகலம் 3, கனம் 6.5/12. பெருக்கினா 187.6 கன அடி. பின்சுவரோட 50-ஐச் சேர்த்தா 237.6. ஆரம்பத்துல சொன்ன 238 இதுதான்.

இப்போ மூணு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. உதாரணத்துக்குப் பொருளும் கூலியும் சேர்த்து ஒரு கன அடிக்கு 180 ரூபாய்னு போட்டுக்குவோம், உங்க ஊர் ரேட்டை நீங்க போட்டுக்கோங்க. பில் சுமார் 44,500 ரூபாய். பிளான் கணக்கு சுமார் 37,900. உண்மை சுமார் 42,800. கான்ட்ராக்டர் அதிகமா கேட்டது 1,730 ரூபாய்க்குள்ள. வீட்டுக்காரர் 'நான் கணக்குப் போட்டுட்டேன், 211-தான்'னு நின்னா, உழைச்ச மனுஷனுக்கு 4,850 ரூபாய் குறையும். பல வருஷமா இந்தத் தொழில்ல இருக்கிற மேஸ்திரிக்குப் பள்ளம் காங்கிரீட் குடிக்கும்னு அனுபவத்துல தெரியும். அதை எழுத்துல நிரூபிக்கத் தெரியாததால வெளி ஓர அளவுல அதை ஈடுகட்டிக்கிறார்னுதான் நான் பல பில்லுகள்ல புரிஞ்சுக்கிறேன். அவர் கேட்கிற தொகை உண்மைக்குப் பக்கத்துல இருக்கு, காட்டுற காரணம்தான் தப்பு.

'அப்போ 1,730 ரூபாய்தானே, விட்டுடலாமே'ன்னு தோணும். விடக்கூடாது, காரணம் இருக்கு. அந்த 164.81 அடி காங்கிரீட்டோட நிக்காது. மண் தோண்டின பில்லுலயும் அதே நீளம்தான் ஏறும். 4 அடி ஆழத்துக்குக் கூடுதல் 292 கன அடி, கிட்டத்தட்ட மூணு யூனிட், தோண்டாத மண். அடுத்து கருங்கல் கட்டு. அதுக்கு அகலம் 2 அடி, உயரம் மூன்றரை அடின்னா, வெளி ஓரமா அளந்த வகையில் 114 கன அடி கட்டாத கட்டு. இங்கே பள்ளம் குடிச்சதுன்னு சமாதானம் சொல்லவும் வழியில்ல, ஏன்னா காங்கிரீட் மட்டத்துக்கு மேல எல்லாம் சமம். காங்கிரீட்ல பக்கத்துல வந்து நின்ன தப்பு, கல்லுக்கட்டுல முழுசா உங்க பையில இருந்து போகும்.

ஒண்ணு கவனிங்க. அகலம் மாறினா உள் சுவரோட நீளமும் மாறும். 2 அடி அகலக் கட்டுக்கு குறுக்குச் சுவர் 22 அடி. காங்கிரீட்டுக்கு எடுத்த 21-ஐ அப்படியே போட்டா கான்ட்ராக்டருக்கு நஷ்டம். சுத்துச் சுவரோட 106 மட்டும், கட்டு அதே மையத்துல ஏறினா, மாறாது.

தரை சரிவா இருந்து குழியைப் படிப்படியா இறக்கியிருந்தா, ஒவ்வொரு படியையும் தனிச் சுவர் மாதிரி அளங்க. மேல்படிக் காங்கிரீட் கீழ்ப்படி மேல கொஞ்ச தூரம் ஏறிப் படுக்கும், அந்த ஏற்றத்தையும் சேர்த்துக்கணும். ஒரு அடி ஏறினா நம்ம அளவுக்கு ஒன்றரை கன அடி. சின்ன அளவுதான், ஆனா நியாயமான அளவு. பக்கவாட்டு மண் சரிஞ்சு குழி அகலமான இடத்துல அகலத்தையும் மூணு நாலு இடத்துல எடுங்க. அந்தச் சரிவுக்கு யார் பொறுப்புங்கிறது முன்னாடியே பேசி வைக்க வேண்டிய விஷயம், அதுக்குக் கீழே வர்றேன்.

சிமெண்ட் மூட்டையை எண்ணுங்க

அளவு சரியா இருந்தா மட்டும் போதாது, கலவையும் சரியா இருக்கணும். இது ஆடிட்டர் வேலைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கணக்கு. ஃபேக்டரியில உற்பத்தி இவ்வளவுன்னா மூலப்பொருள் இவ்வளவு தீர்ந்திருக்கணும், இல்லேன்னா கேள்வி வரும். அதையே இங்கே போடலாம்.

237.6 கன அடி காங்கிரீட்டுக்கு உலர்ந்த பொருள் அதைவிட அதிகமா வேணும், மணல் ஜல்லியோட இடுக்குல போய் உக்கார்றதால. வழக்கமா 1.54-ஆல பெருக்குவாங்க. 366 கன அடி. 1:4:8-ன்னா மொத்தம் 13 பங்கு. சிமெண்ட் ஒரு பங்கு, 28.15 கன அடி. 50 கிலோ மூட்டை 1.226 கன அடி. வகுத்தா 23 மூட்டை. எம் சாண்ட் 113 கன அடி, ஜல்லி 225 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல மணல், ரெண்டேகால் யூனிட் ஜல்லி.

காலையில அடுக்கின மூட்டை 30-ன்னு எண்ணி வைங்க. சாயங்காலம் 7 மீதி இருந்தா சரி. 11 மூட்டை மீதி இருந்தா 19-தான் போயிருக்கு. 1:5:10 கலவைக்குக் கணக்குப் போட்டா ஏறக்குறைய அந்த 19-தான் வருது. அளவு ஒரு அங்குலம் குறையல, பில்லும் சரி, ஆனா கலவை வேற. பொருள் நீங்க வாங்கிக் கொடுக்கிற ஒப்பந்தமா இருந்தா அந்த நாலு மூட்டை உங்க ஸ்டாக்லதான் இருக்கும், நஷ்டம் அஸ்திவாரத்தோட பலத்துல. பொருளோட கான்ட்ராக்ட்னா நஷ்டம் ரெண்டு பக்கமும். ஒண்ணு ரெண்டு மூட்டை ஏற இறங்க இருந்தா சண்டைக்குப் போகாதீங்க, சட்டி அளவுல போடுற சைட்டுல அவ்வளவு துல்லியம் வராது. தலையூத்துல 1949-ல இருந்து சிமெண்ட் ஆலை ஓடுற ஊரு இது, சிமெண்ட் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லதான். ஆனா மூட்டையை எண்ணுற வீட்டுக்காரரை நான் அதிகம் பார்த்ததில்ல.

ரெடிமிக்ஸ் வாங்குறவங்களுக்கு இந்த மொத்தக் கணக்கும் இன்னும் அவசரம். கன அடியை 35.315-ஆல வகுத்தா கன மீட்டர். பிளான் கணக்கு 210.7-ன்னா 5.97, உடனே 6 கன மீட்டர் ஆர்டர் போட்டு ஒரு லாரி வரவழைப்பாங்க. உண்மைத் தேவை 6.73. பின்சுவர்ல முக்கால் கன மீட்டர் பள்ளம் மிச்சம் இருக்கும்போது லாரி காலி. மறுபடி ஒரு கன மீட்டருக்கு லாரி கேட்டா குறைந்தபட்ச ஆர்டர், தனி வாடகை எல்லாம் வரும். அதுக்குள்ள முதல்ல போட்டது இறுகி இணைப்புல கோடு விழும். காலையில நூல் பிடிச்சு அளந்திருந்தா 7 கன மீட்டர்னு சொல்லியிருக்கலாம். வந்த அளவு சரியான்னு சந்தேகம் இருந்தா, லாரியை ஏத்தத்தோட ஒரு தடவை, காலியா ஒரு தடவை எடை மேடையில ஏத்தச் சொல்லுங்க. கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ. வித்தியாசத்தை வகுத்தா விடை வந்துடும்.

பேசி எழுதி வைக்க வேண்டியது

அளவு விதிகளுக்கு ஐ.எஸ். 1200-ன்னு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட தொகுப்பே இருக்கு. ஆனா நம்ம வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள்ல 'சதுர அடிக்கு இவ்வளவு'ன்னு முடிஞ்சுடுது. சதுர அடி ரேட்டுலயும் தரைக்குக் கீழே இத்தனை அடி வரைதான், அதுக்கு மேல போனா எக்ஸ்ட்ரான்னு ஒரு வரி இருக்கும். கோணல் மனையில, வயல் மண்ணுல, அந்த எக்ஸ்ட்ராதான் பெரிய செலவு. அந்த வரிக்குக் கீழே இதைச் சேர்க்கச் சொல்லுங்க:

'அஸ்திவார நீளம் குழியின் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டின் சராசரியாகக் கொள்ளப்படும். சந்திப்புகள் ஒரு முறை மட்டுமே கணக்கில் வரும். கனம், காங்கிரீட் போடும் முன் இரு தரப்பும் சேர்ந்து ஐந்து அடிக்கு ஒரு முறை எடுக்கும் அளவுகளின் சராசரி. இன்ஜினியர் சொல்லி ஆழப்படுத்திய பகுதிக்கு முழுத் தொகை உண்டு. அவர் சொல்லாமல் அகலமாகவோ ஆழமாகவோ தோண்டியதற்குத் தொகை இல்லை.'

நாலாவது வாக்கியம் கான்ட்ராக்டருக்குப் பாதுகாப்பு, அஞ்சாவது உங்களுக்கு. ரெண்டும் இருந்தாத்தான் அவர் கையெழுத்துப் போடுவார். 'இவ்வளவு எழுதணுமா சார், நான் என்ன ஓடியா போகுதேன்'னு கேட்பாங்க. 'உங்களுக்கு வர வேண்டிய பணம் குறையக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி'ன்னு சொல்லி, பின்சுவர் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. அது உண்மையும்கூட.

பட்ஜெட்ல ஒரு வரி. வங்கிக் கடன் கட்டம் கட்டமாத்தான் வரும், பேஸ்மெண்ட் முடிஞ்ச பிறகுதான் பல வங்கிகள் அடுத்த தவணை விடும். அதனால அஸ்திவாரத்துல வர்ற கூடுதல் செலவு முழுக்க உங்க கைக்காசு. நம்ம உதாரணத்துல பிளானுக்கும் உண்மைக்கும் வித்தியாசம் 13 சதவீதம். கால்வாய் ஓர மனைன்னா தரைக்குக் கீழ் வேலைக்கு 15 சதவீதமாவது தனியா எடுத்து வைக்கிறது நல்லதுங்கிறது என் கருத்து. மனைவியோட நகையை அவசர அவசரமா அடகு வைக்கிறது பெரும்பாலும் இந்தக் கட்டத்துலதான் நடக்குது, மேல்தளம் போடும்போது இல்ல.

வரி விஷயம் சுருக்கமா. தனி வீடு புதுசா கட்ட, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டா அந்தக் கூலிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கு. பொருளோட சேர்த்து எடுக்கிற, ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிற கான்ட்ராக்டர் 18 சதவீதம் போடுவார். பதிவு இல்லாதவர் பில்லுல ஜி.எஸ்.டி.ன்னு ஒரு வரி எழுதி வாங்கவே முடியாது, எண்ணைக் கேளுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சிமெண்ட் வரி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. அதுக்கு முன்னாடி வாங்கின கொட்டேஷனை வச்சு இன்னிக்கு பில் போட்டா, ரேட்டை மறுபடி பேசுங்க. ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வாங்குறவருக்கு அதே தொகை அபராதமா வரலாம், அதனால வங்கி வழியாவே கொடுங்க. ஒரு கான்ட்ராக்டருக்கு ஒரு நிதியாண்டுல 50 லட்சத்துக்கு மேல போனா, சொந்த வீடா இருந்தாலும் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கணும்.

அந்த அளவு நோட்டு, நூலும் டேப்பும் தெரியுற மாதிரி எடுத்த போட்டோ, மூட்டைக் கணக்கு, பில், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. நாளைக்கு வீட்டை விற்கும்போது கட்டின செலவுக்கு ஆதாரம் கேட்டா இதுதான் பேசும். கான்ட்ராக்டர் கடைசி பில் கொண்டு வர்ற அன்னிக்கு அந்த நோட்டுல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கணும். காங்கிரீட் போட்ட அன்னிக்குச் சாயங்காலமே, டீ வர்ற நேரத்துல, வாங்கிடுங்க. அடுத்த பதிவுல இதே உதாரண வீட்டுக்கு பிளிந்த் பீம் கம்பி எடைக் கணக்கு போடுறேன், அதனால இந்த 106, 22-ன்னு வந்த நீளங்களை அழிச்சுடாம வச்சிருங்க.